ஒரே கலவரம், மூன்று பதிவேடுகள்: கூடலூர்க் குடும்பம் ஒன்றின் இடப்பெயர்வு ஆய்வு

கூடலூர் வட்டத்தில், தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள ஒரு குடியிருப்பில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி இலங்கையில், கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறார். தங்கை தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டம் ஒன்றில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார். மூவரும் 1977 ஆகஸ்டில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஒரே லயத்திலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடு), ஒரே இரவில் ஓடியவர்கள். இன்றைக்கு அரசாங்க ஏடுகளில் அக்கா தாயகம் திரும்பியவர், தம்பி மீள்குடியேறியவர், தங்கை அகதி. அவர்களை ஓட வைத்த அந்த ஆகஸ்ட் கலவரம் மூன்று ஏட்டிலும் இல்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் சிலோனிலிருந்து வந்த குடும்பங்களின் கதைகளைப் பதிவு செய்யும் வேலையில் சில நண்பர்களோடு ஈடுபட்டிருக்கிறேன். நீலகிரியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய. எல்லோர் வீட்டிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல, தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்தது), துருப்பிடித்த ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் பழைய பாஸ்போர்ட் இருக்கும். ஆனால் இந்தக் குடும்பத்தை மட்டும் எடுத்து ஆய்வாக எழுதக் காரணம் உண்டு. கலவரத்தாலும் போராலும் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓட நேர்ந்தவர்களை உலகம் எப்படி எண்ணுகிறது, அந்த எண்ணிக்கை எங்கே அறுந்து போகிறது என்பது இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. பெயர், தோட்டத்தின் பெயர், முகாம் இருக்கும் ஊர் எதையும் இங்கே எழுதவில்லை. அதற்கான காரணத்தை அந்த அம்மாவே சொன்னார், கீழே வரும்.

எப்படி எண்ணுகிறார்கள்

உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு உலகம் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் விளக்கம், 1998-இல் ஐ.நா. முன்வைத்த வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் முன்னின்று உருவாக்கியவை அவை. போர், பரவலான வன்முறை, உரிமை மீறல், பேரிடர் இவற்றால் வீட்டை விட்டு ஓட நேர்ந்து, ஆனால் சர்வதேச எல்லையைத் தாண்டாதவர் என்பது அதன் சாரம். எல்லையைத் தாண்டினால் அவர் வேறு கணக்கு, வேறு அலுவலகம், வேறு சட்டம்.

அதே 1998-இல் நார்வே அகதிகள் கவுன்சில் தொடங்கிய உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் ஜெனீவாவிலிருந்து ஆண்டுதோறும் உலகக் கணக்கை வெளியிடுகிறது. 2024 முடிவில் அந்தக் கணக்கு 8.34 கோடி. அதில் 7.35 கோடி பேர் மோதலாலும் வன்முறையாலும் ஓடியவர்கள். சூடானில் மட்டும் 1.16 கோடி.

இதில் இரண்டு வகை எண் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒரு நாளில் இடம்பெயர்ந்த நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற இருப்புக் கணக்கு. மற்றது, ஓர் ஆண்டில் எத்தனை முறை மக்கள் ஓட நேர்ந்தது என்ற நகர்வுக் கணக்கு. ஒரே ஆள் ஒரே ஆண்டில் மூன்று முறை ஓடினால் இரண்டாவது கணக்கில் மூன்றாகவே ஏறும். 2023-இல் மணிப்பூர் வன்முறையால் ஏற்பட்டதாக அந்த மையம் சொன்ன 67,000 என்பது இந்த நகர்வுக் கணக்குதான். நம் செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்பி, ‘இத்தனை பேர்’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வேறுபாடு தம்பியின் கதைக்கு வரும்போது எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

தகவல் எங்கிருந்து வருகிறது? அரசாங்கங்கள், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், உள்ளூர்ச் செய்திகள். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு பல நாடுகளில் நேரடியாகக் களத்தில் இறங்கி எண்ணுகிறது. 2004-இல் இராக்கில் தொடங்கிய முறை அது. முகாம்தோறும் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்பது, பாதைகளில் ஆள் நிறுத்திப் போகிறவர் வருகிறவரை எண்ணுவது, குடும்பம் குடும்பமாகப் பதிவது என்று பல வழிகள். எதுவுமே கிடைக்காத இடத்தில், இடிந்த அல்லது எரிந்த வீடுகளை எண்ணி, அந்த நாட்டின் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி ஒரு மதிப்பீடு போடுகிறார்கள்.

லயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி முறை எங்கே சறுக்கும் என்று உடனே தெரியும். ஒரு லயம் என்பது மேலிருந்து பார்த்தால் ஒரே கூரை. உள்ளே வரிசையாகக் காம்பராக்கள், அதாவது குடும்பத்துக்கு ஒன்றான அறைகள். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. அந்த அம்மா இருந்த லயத்தில் பன்னிரண்டு காம்பராவாம். “ஒரு காம்பராவுல நாங்க எட்டுப் பேரு தம்பி. அடுத்த காம்பராவுல சித்தப்பா குடும்பம். அடுப்பு வெளி இஸ்தோப்புல” என்றார். இஸ்தோப்பு என்றால் திண்ணை. கூரையை ஒரு வீடு என்று எண்ணினால் ஐந்து பேர் என்று கணக்கு வரும். ஓடியது எழுபது, எண்பது பேர். தோட்டத்து மக்களின் இடப்பெயர்வை வீட்டுக் கணக்கில் மதிப்பிடுகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே எத்தனை காம்பரா என்பதைத்தான்.

அந்த ஆகஸ்ட்

1977 ஜூலைத் தேர்தல் முடிந்து சில வாரங்களில் இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. பின்னர் அரசு அமைத்த சன்சோனி ஆணைக்குழு இதை விசாரித்தது. வடக்கின் அரசியலோடு பெரிய தொடர்பில்லாத மலையகத் தோட்டத் தொழிலாளர்களும், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்களும், தாக்கப்பட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே அடிபட்டு நின்றவர்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-இல் இன்னொரு ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பங்கீட்டில் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அதற்குள் 1973, 74-இல் தோட்டங்களில் பட்டினி வந்தது.

அந்த இரவைப் பற்றி அம்மா அதிகம் பேசுவதில்லை. கீழ்க் கணக்குப் பக்கம் (தோட்டத்தின் கீழ்ப் பிரிவு) தீ தெரிந்தது, அப்பா எல்லோரையும் தேயிலைக்குள் இறங்கச் சொன்னார், விடியும்வரை கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளை நறுக்கிவிட்ட) மலையில் படுத்துக் கிடந்தோம், மறுநாள் காலையில் லயம் இல்லை. அவ்வளவுதான் சொல்வார். கோயிலில் சில நாள், ஒரு பள்ளிக்கூடத்தில் சில நாள், அப்புறம் லாரியில் வவுனியா. காந்தியம் அமைப்பு அந்த ஆண்டுகளில் மலையகத்திலிருந்து ஓடி வந்தவர்களை வவுனியாப் பக்கத்துக் காணிகளில் குடியமர்த்திக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் ராஜசுந்தரம் இருவரும் தொடங்கிய அமைப்பு அது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

வவுனியாவில் இருந்தபோது மூவரும், இன்றைய விளக்கத்தின்படி, சந்தேகமே இல்லாமல் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். ஆனால் அப்படி ஒரு வகைக்கு உலகம் ஏற்ற விளக்கமே அப்போது கிடையாது. இருபத்தோரு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

அக்கா: ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்

அக்காவும் அவர் கணவரும் கலவரத்துக்கு முன்பே இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, கிடைத்தும் இருந்தது. ஆனால் போக மனமில்லாமல் தள்ளிப்போட்டு வந்தார்கள். லயம் எரிந்த பிறகு தள்ளிப்போட இடமில்லை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் போடும் ஓலத்தால் வந்த பெயர். இவர்களை வழியனுப்ப வவுனியாவில் அப்பாவும் தம்பியும் தங்கையும் நின்றார்கள். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

குடும்ப அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குடும்பத்தின் படம், ஒவ்வொருவர் பெயர், வயது, உறவு, என்ன உதவி, எந்த மாவட்டம். வியாபாரக் கடன், திருச்சி மாவட்டம் என்று போட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து கொழுந்து எடுத்த கைகளுக்கு, பார்த்தேயிராத ஊரில் பெட்டிக்கடை. ஏன் வந்தீர்கள் என்பதற்கு அட்டையில் கட்டமே இல்லை. ஒப்பந்தத்தில் வந்தார்கள் என்பது அட்டையின் அடிப்படை. 1984-இல் கப்பல் நிற்கும்வரை இப்படி வந்தவர்கள், ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சேர்த்தால், சுமார் 4.6 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள், எத்தனை பேர் 1977-க்கோ 1981-க்கோ 1983-க்கோ பயந்து வந்தார்கள் என்பதை இந்த அட்டைகளிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. இது என் மனதை உறுத்துகிற விஷயம். ஒரு பெரும் வன்முறையின் சாட்சிகள், ஒரு நிர்வாக ஏற்பாட்டின் பயனாளிகளாகப் பதியப்பட்டுவிட்டார்கள்.

கடை ஓடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே இல்லை. நீலகிரியில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தேயிலை வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மலையேறினார்கள். சமவெளியில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து சேர்ந்தன. அரசின் ஏட்டில் அவர்கள் இன்னும் திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலும் மறுவாழ்வு பெற்றவர்கள். இந்த இரண்டாவது நகர்வையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நீலகிரியில் இவர்களுக்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976-இல் கழகமான டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். அதில் நேரடியாக வேலை ஒதுக்கீடு பெற்று வந்தவர்களுக்குக் குடியிருப்பும் கூலியும் கிடைத்தன. மற்றவர்கள் தனியார் தோட்டங்களில் கூலிக்குப் போய், கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். இந்த அம்மா இரண்டாவது வகை. அவர் வீடு இருப்பது ஜன்மம் நிலத்தில், அதாவது ஜன்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலத்தில்.

தம்பி: எத்தனை முறை எண்ணப்பட்டவர்?

தம்பியின் கதையை அக்காவின் பேரன் வழியாக, வாட்ஸ்அப் அழைப்புகளில் கேட்டு எழுதினேன். திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. காரணம், ஆண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கடைசியில் பிள்ளைகள் பிறந்த இடங்களை வைத்து வரிசைப்படுத்தினோம். மூத்தவன் பிறந்தது எங்கே, அடுத்தவள் பிறந்தபோது எந்த ஊர் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார். இந்த வழியைக் களத்தில் வேலை செய்கிற யாருக்கும் பரிந்துரைப்பேன்.

வவுனியாப் பக்கத்துக் குடியேற்றத்தில் சில ஆண்டு. 1983-க்குப் பிறகு ராணுவ நெருக்குதல் தாங்காமல் அங்கிருந்து கிளம்பினார். அந்தக் காலத்தில்தான் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. இவர் கிளிநொச்சிக்குப் போனார். மலையாளபுரம், பாரதிபுரம் போல மலையகத்தார் நிறைந்த ஊர்கள் அங்கே உண்டு. 1996-இல் ராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தபோது காட்டுக்குள் ஓட்டம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து, கல்வீடு கட்டினார். 2008 கடைசியில் மறுபடி ஓட்டம்: தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். 2009 மே மாதம் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாம். 2010-இல் கிளிநொச்சிக்குத் திரும்பினார். வீட்டில் கூரை இல்லை.

நகர்வுக் கணக்கில் பார்த்தால் இவர் ஒருவரே 2008–09-க்குள் நாலைந்து எண். இருப்புக் கணக்கில் ஒரு எண். 2010-க்குப் பிறகு பூஜ்யம், ஏனென்றால் மீள்குடியேற்றப் படிவத்தில் கையெழுத்தானதும் பெயர் நீக்கப்பட்டது. இலங்கையில் அப்போது இன்னொரு பிரிவினையும் இருந்தது. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் ‘பழையவர்’, பின் இடம்பெயர்ந்தவர் ‘புதியவர்’. உதவிகள் பெரும்பாலும் புதியவர்களை நோக்கியே போயின. 1990-இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்கள் இதனால்தான் நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தார்கள். நம் தம்பி 1977-இலிருந்து ஓடுகிறவர். ஏட்டில் 2008-இல் முதல்முறையாக இடம்பெயர்ந்த புதியவர். சொந்த ஊர் என்ற இடத்தில் கிளிநொச்சி என்று எழுதப்பட்டது. மாத்தளை எங்கேயும் இல்லை.

எண்ணிக்கை என்பது வெறும் புள்ளிவிவரம் அல்ல என்பதற்கு 2009-ஐ விடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது. ஐ.நா.வின் மதிப்பீடு இரண்டரை லட்சம் வரை போனது. மாவட்டத்தில் இருந்த அரசு அலுவலர்களின் கணக்கு அதைவிடவும் அதிகம். உணவும் மருந்தும் குறைந்த எண்ணிக்கையை வைத்தே அனுப்பப்பட்டன. போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்கள் ஏறத்தாழ 2.9 லட்சம். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 அறிக்கையில் இதை விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. தம்பி சொன்னது இது: “கப்பல்ல சாமான் வரும். பத்துக் குடும்பத்துக்கு வர்றது நாப்பது குடும்பத்துக்குப் பிரியும். கஞ்சிதான். அதுக்கும் வரிசையில நிக்கிறப்போ செல் (பீரங்கிக் குண்டு) விழும்.” எழுபதாயிரம் என்ற எண், அவர் கையிலிருந்த கஞ்சியின் அளவாக மாறியிருந்தது.

மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்கள் இருந்தார்கள். அவர்கள் ஊர் ராணுவத்தின் கையில் இருந்ததால் சீனியாமோட்டையில் காட்டை வெட்டிய இடத்தில் இறக்கிவிட்டார்கள். முகாம் மூடப்பட்டது என்பது செய்தி. முகாமில் இருந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். ஆனால் 2017-இலும் அந்த மக்கள் தங்கள் காணிக்காக ராணுவ வேலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முகாம் மூடுவதையும் இடப்பெயர்வு முடிவதையும் ஒன்றாக எண்ணுகிற எந்தக் கணக்கையும் நான் நம்பத் தயாரில்லை.

தங்கை

தங்கை வவுனியாவிலேயே கல்யாணம் செய்துகொண்டார். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் மடு தேவாலய வளாகத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பாதுகாப்பில் இருந்த திறந்த நிவாரண மையத்தில் சில மாதம் இருந்தார். அதுவரை உள்நாட்டு இடம்பெயர்ந்தோர் கணக்கு. பிறகு மன்னார்க் கரையில் படகேறினார். படகில் கால் வைத்த இரவோடு அந்தக் கணக்கிலிருந்து விழுந்து, ராமேஸ்வரத்தில் அகதிக் கணக்கில் எழுந்தார். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கும் சுமார் 58 ஆயிரம் பேரில் அவர் குடும்பமும் ஒன்று.

ஒரே தாய் வயிற்றில் பிறந்து, அக்கா இந்தியக் குடிமகள், தங்கை அகதி. அப்பாவின் விண்ணப்பத்தில் தங்கையின் பெயரும் இருந்தது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். காகிதங்கள் லயத்தோடு எரிந்தன. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, முகாமில் வாழும் இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தங்கையிடம் காட்ட ஆவணம் இல்லை. அக்காவின் குடும்ப அட்டைதான் அவருக்கும் ஆதாரம்: ஒரே தகப்பன் பெயர், ஒரே தோட்டம். அந்த அட்டையின் பின்பக்கத்தில் பேனா மை கலைந்திருக்கிறது. அதை நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

எப்போது முடிகிறது?

இடப்பெயர்வு எப்போது முடிந்தது என்று சொல்வது, எப்போது தொடங்கியது என்று சொல்வதைவிடக் கடினம். 2010-இல் ஐ.நா. அமைப்புகள் கூடி ஒரு சட்டகம் வகுத்தன. பாதுகாப்பு, வாழ்க்கைத் தரம், பிழைப்பு, வீடும் நிலமும், ஆவணங்கள், பிரிந்த குடும்பம் சேர்வது, பொது விவகாரங்களில் பங்கு, நடந்த அநீதிக்கு நிவாரணம் என்று எட்டு அளவுகோல்கள். எல்லையைத் தாண்டாதவர்களுக்காக வகுத்தது; ஆனாலும் அக்காவின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தேன்.

ஆவணம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பேத்தி கோவையில் நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்லக் கூடாது. வீடு, நிலம் என்று வந்தால் நிலைமை வேறு. கூடலூரின் ஜன்மம் நிலங்கள் 1969 சட்டத்தின்படி அரசுக்கு வந்தன. அதில் பிரிவு 17-இன் கீழ் வரும் நிலம் பல்லாண்டாக வழக்கில் கிடக்கிறது. அதன் மேல் வீடு கட்டி நாற்பது ஆண்டு வாழ்ந்தவர்களுக்குப் பட்டா இல்லை. மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். இந்த அம்மாவின் வீட்டில் பேத்தி பத்தாம் வகுப்பு வரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள். டேன்டீ குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் அதே கவலை வேறு வடிவில்: வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2022-இல் சுமார் 2,152 ஹெக்டேர் டேன்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நடந்த போராட்டங்களின் பின்னால் இருந்தது இந்தப் பயம்தான். யானைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை வேலைக்கு இறங்குகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

குடும்பம் சேர்வது? மூவரும் ஒன்றாக இருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தங்கை முகாமிலிருந்து கூடலூர் வரவே அனுமதி வாங்கி, குறித்த நாளில் திரும்ப வேண்டும். நடந்ததற்கு நிவாரணம்? எரிந்த காம்பராவுக்காக யாரும் எதுவும் தந்ததில்லை, கேட்டதும் இல்லை. எட்டில் மூன்றைத் தாராளமாகத் தரலாம் என்பது என் கணிப்பு.

பட்டியல் என்றால் பயம்

படிவத்தோடு முதலில் போனபோது அந்த அம்மா பேரைச் சொல்ல மறுத்தார். கதை எல்லாம் சொல்வேன், பேர் எழுதாதீங்க என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “அன்னைக்கு வந்தவனுங்க கையிலயும் பேர் எழுதுன தாள்தான் தம்பி இருந்துச்சு” என்றார். தோட்டத்தில் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயரேடு இருக்கும், யார் எந்தக் காம்பரா என்று அதில் இருக்கும். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தது உலகறிந்தது. நல்ல நோக்கத்தில் எழுதிய பட்டியல் வேறு கைக்குப் போனால் என்னாகும் என்பதை இந்த மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆகவே பெயரையும் விவரத்தையும் தனித்தனித் தாளில் எழுதி, இரண்டையும் இணைக்கும் எண்ணை வேறோர் இடத்தில் பூட்டி வைக்கிறோம். வேண்டாம் என்றால் பெயர்த் தாளைக் கிழித்துவிடலாம், விவரம் நிற்கும். பெரிய அமைப்புகள் கணினியில் செய்வதைத்தான் நாங்கள் நோட்டுப் புத்தகத்தில் செய்கிறோம். இந்த ஏற்பாட்டை விளக்கிய பிறகுதான் அவர் மாத்தளையைப் பற்றியே பேச ஆரம்பித்தார்.

பக்கத்து லைனில்

இந்த வேலையின் நடுவே, பக்கத்துத் தோட்டத்து லைனில் (இங்கே லயத்துக்கு அதுதான் பெயர்) அசாமிலிருந்து வந்த ஒரு சந்தால் ஆதிவாசிக் குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டது. இப்போது நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம் மக்கள் ஏராளம். தோட்ட அலுவலகத்தில் அவர்கள் எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள். அந்தக் குடும்பத் தலைவர் சிறுவனாக இருந்தபோது, 1996-இல் கோக்ராஜார்ப் பக்கம் போடோக்களுக்கும் ஆதிவாசிகளுக்கும் நடந்த மோதலில் அவர்கள் கிராமம் எரிந்தது. 1998-இல் மறுபடி. பல ஆண்டு நிவாரண முகாம். நிலம் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் வேலை தேடிக் கிளம்பி, கேரளம் வழியாக இங்கே வந்தார். அவர் பேசிய இந்தியை எங்களுக்கு மொழிபெயர்த்த தோட்டத்துப் பையன் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த அம்மா, “நம்ம கதையேதான்” என்றார்.

நம் நாட்டின் எந்த ஏட்டில் இவர் இடம்பெயர்ந்தவர்? இந்தியாவில் மோதலால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, தேசியப் பதிவேடும் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர் மாறியதற்கான காரணங்கள்: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்ததும் இடம் மாறியது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை. கலவரம் மற்றவையில் அடங்கியது. 2007–08 தேசிய மாதிரி ஆய்வில் கலவரம், பயங்கரவாதம் போன்ற சமூக, அரசியல் பிரச்சினைகள் தனிக் காரணமாக இருந்தன. ஆனால் மாதிரி ஆய்வில் ஒரு தாலுகாவுக்கோ ஒரு தோட்டத்துக்கோ கணக்கு வராது. அதோடு, கடைசியாக ஏன் இடம் மாறினீர்கள் என்றுதான் எந்தப் படிவமும் கேட்கிறது. அசாம்காரர் கேரளத்திலிருந்து நீலகிரிக்கு வந்தது வேலைக்காகத்தான். கூடலூர் அம்மா திருச்சியிலிருந்து மலையேறியதும் வேலைக்காகத்தான். இருவரும் பொய் சொல்லவில்லை. கடைசி நகர்வை மட்டும் கேட்டால், எல்லா இடப்பெயர்வும் நாளடைவில் வேலை தேடி வந்ததாகவே ஆகிவிடும்.

இப்போது என்ன செய்கிறோம்

எங்கள் படிவத்தை மாற்றிவிட்டோம். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதில் தொடங்காமல், பிறந்த வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு முறை வீடு மாறியதையும் ஒரு வரியாக எழுதுகிறோம். வரிக்கு நான்கு கட்டம்: எந்த ஆண்டு அல்லது எந்தப் பிள்ளை பிறந்தபோது, எங்கிருந்து எங்கே, என்ன நடந்ததால், உடன் வந்தவர்களும் பிரிந்தவர்களும் யார் யார். பிரிந்தவர்கள் கட்டம்தான் இந்தக் குடும்பத்தின் மூன்று ஏடுகளையும் ஒன்று சேர்த்தது. அது இல்லாவிட்டால் கிளிநொச்சியும் முகாமும் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. வேலை என்று பதில் வந்தால், முன்பிருந்த இடத்தில் வேலையும் நிலமும் எப்படிப் போயின என்று இன்னொரு கேள்வி.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. அதன் படிவத்தை எங்களால் மாற்ற முடியாது. ஆனால் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தாப் பகுதிகளில் வீடு வீடாகப் போகப் போகும் ஆசிரியர்களில் பலர் இதே குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களில் சிலர் எங்கள் ஒற்றைத் தாளை, தங்கள் ஓய்வு நேரத்தில், தங்கள் சொந்தப் பாட்டிமார்களிடமிருந்து நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். தங்கையின் குடியுரிமை விண்ணப்பத்தோடு அக்காவின் தாளும் தம்பியின் தாளும் இணைப்பாகப் போயிருக்கின்றன. சந்தால் குடும்பத்தின் தாளை இந்தியில் எழுதி அவர்களிடமே கொடுத்திருக்கிறோம். கோக்ராஜார் முகாமின் பழைய அரிசிச் சீட்டு ஒன்றை அதன் பின்னால் குண்டூசியால் குத்தி வைத்துக்கொண்டார்கள்.